பனிக்காலப் படைத் தொப்பிகள்: காலம் கணித்தலும் காத்தலும்

மார்கழி மாதத்து விடியற்காலையில் நம் ஊர்த் தெருக்களில் நடப்போர், தலையையும் காதுகளையும் கழுத்தையும் மூடி முகத்தை மட்டும் காட்டும் கம்பளிக் குல்லா அணிந்த முதியவர்களைக் காணலாம். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோர் தவறாமல் வாங்கிவரும் பொருள் அது. நாம் அதனைக் குரங்குக் குல்லா என்கிறோம். ஆங்கிலேயர் அதற்கு இட்ட பெயர் 'பலக்லாவா' என்பதாகும். அது கருங்கடலின் கரையில், கிரிமியத் தீபகற்பத்தில் உள்ள ஒரு சிறு துறைமுகத்தின் பெயர்.

1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரில், 1854 அக்டோபர் 25ஆம் நாள் அத்துறைமுகத்தின் அருகே பெரும்போர் நிகழ்ந்தது. அடுத்த மாதம் 14ஆம் நாள் வீசிய கடும்புயலில், பிரிட்டானியப் படைக்குக் குளிராடைகளைச் சுமந்து வந்த 'பிரின்ஸ்' என்னும் நீராவிக் கப்பல் மூழ்கியது. குளிராடையின்றிப் படைவீரர் பட்ட துன்பத்தைக் கேள்வியுற்ற இங்கிலாந்துப் பெண்கள், கம்பளி நூலால் ஆடைகளைப் பின்னி அனுப்பினர். நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவரின் குல்லாவுக்குப் பின்னால் இத்தகைய வரலாறு ஒன்று உண்டு. ஆயினும் ஈண்டு ஒன்றனைக் கருதுதல் வேண்டும். 'பலக்லாவா' என்னும் பெயர் போர் முடிந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரே அக்குல்லாவுக்கு வழங்கலாயிற்று. எனவே ஒரு பொருளின் பெயரை மட்டும் கொண்டு அதன் காலத்தை முடிவு செய்தல் ஆகாது. பழைய படைத் தொப்பிகளைத் திரட்டுவோர் கற்கவேண்டிய முதற் பாடம் இதுவே.

ஒரு மாணவி கொணர்ந்த தொப்பி

இக்கட்டுரை எழுந்ததற்குக் காரணமான நிகழ்ச்சியை முதற்கண் கூறிவிடுதல் நலம். சில ஆண்டுகளுக்கு முன் எம் மாணவி ஒருத்தி சாம்பல் நிற உரோமத் தொப்பி ஒன்றைத் துணிப்பையில் பொதிந்து கொணர்ந்தாள். அவளுடைய தந்தையார் சோவியத் நாட்டில் மருத்துவம் பயின்று திரும்பியவர், காலமாகிவிட்டவர். அங்கு ஒரு கடைத்தெருவில் வாங்கிய அத்தொப்பி, இரண்டாம் உலகப் போரில் ஸ்டாலின்கிராடு நகரைக் காத்த வீரன் ஒருவனுடையது என்று அவர் பிள்ளைகளிடம் சொல்லிவந்தாராம். துறைக் கண்காட்சியில் அதனை அவ்வாறே எழுதி வைக்கவேண்டும் என்பது அவள் விருப்பம். தந்தையின் சொல்லை ஐயுறுவதும் அரிது. ஆராயாமல் எழுதி வைப்பதும் தகாது. ஆகவே அத்தொப்பியையே சான்றாகக் கொண்டு வினவத் தொடங்கினோம். அவ்வினாக்களைப் புரிந்துகொள்ள, இவ்வகைத் தொப்பிகளின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

மூன்று தொப்பிகளின் கதை

உருசியப் படையின் பனிக்காலத் தலையணிகளுள் காலத்தால் முற்பட்டது 'பபாகா'. இது காக்கசு மலைவாழ் மக்களின் உயரமான செம்மறித்தோல் தொப்பி. பெயரும் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. தாகெஸ்தான், செச்சினியா முதலிய பகுதிகளில் வாழும் முஸ்லிம் மக்களிடையே அது ஆண்மகனின் மானத்துக்கு அடையாளம். ஒருவன் தலையிலிருந்து அதனைத் தட்டிவிடுதல் பொறுக்கவொண்ணாத இழிவாகக் கருதப்பட்டது. உருசியப் பேரரசை எதிர்த்து நெடுங்காலம் போரிட்டு 1859இல் குனீப் மலையரணில் சரணடைந்த இமாம் ஷாமில் அவர்களின் ஓவியங்களில், தலைப்பாகை சுற்றிய பபாகாவைக் காணலாம். தாம் எதிர்த்துப் போரிட்ட மக்களின் தொப்பியையே உருசியப் படையினர் பிற்காலத்தில் தமதாக்கிக்கொண்டமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. சோவியத் காலத்தில் தளபதிகளும் கர்னல்களும் மட்டுமே அணியும் உயர்பதவிச் சின்னமாக அது மாறிற்று. 1994இல் கைவிடப்பட்டு 2005இல் மீண்டும் வழக்கத்துக்கு வந்தது.

இரண்டாவது 'புதியோனவ்கா'. 1917 புரட்சிக்குப் பின் அமைந்த செம்படைக்கு 1919இல் இத்தொப்பி ஏற்கப்பட்டது. குதிரைப்படைத் தலைவர் புதியோனியின் பெயரால் வழங்குவது. கம்பளித் துணியால் ஆகிக் கூம்புபோல் உச்சி கூர்ந்து, பழங்கால உருசிய வீரரின் தலைக்கவசத்தை நினைவூட்டுவது. நெற்றியில் பெரிய துணி நட்சத்திரம் ஒன்று தைக்கப்பட்டிருக்கும். அதன் நிறம் படைப்பிரிவைக் காட்டும்; குதிரைப்படைக்கு நீலம், காலாட்படைக்குக் கருஞ்சிவப்பு. அதன்மேல் பொருத்தப்பட்ட உலோக நட்சத்திரத்தில் தொடக்கத்தில் சுத்தியலும் கலப்பையும் இருந்தன. 1922இல் கலப்பை நீங்கி அரிவாள் இடம்பெற்றது. ஆகவே கலப்பைச் சின்னம் ஒன்றே அந்த நட்சத்திரத்தைக் குறுகிய காலவட்டத்துக்குள் நிறுத்திவிடுகிறது.

தோற்றப் பொலிவு மிக்க இத்தொப்பி குளிரைத் தாங்கவில்லை. 1939 நவம்பர் 30 முதல் 1940 மார்ச் 13 வரை பின்லாந்துடன் நடந்த குளிர்காலப் போரில், உறைநிலைக்குக் கீழே 40 பாகை வரை இறங்கிய குளிரில், செம்படையினர் பலர் பனிக்கடிக்கு ஆளாகி இடருற்றனர். எதிரே நின்ற பின்லாந்து வீரரோ காதுமடல்களுடன் கூடிய உரோமத் தொப்பி அணிந்திருந்தனர். பட்டறிவு பாடமாயிற்று. 1940இல் புதியோனவ்கா விலக்கப்பட்டு 'உஷாங்கா' ஏற்கப்பட்டது. இதுவே மூன்றாவது தொப்பி.

'உஷி' என்னும் உருசியச் சொல்லுக்குக் காதுகள் என்பது பொருள். காதுகளை மூடும் இரு மடல்களை உடைமையால் உஷாங்கா என்னும் காரணப்பெயர் பெற்றது. மடல்களை உச்சியில் கட்டிக்கொள்ளலாம். கடுங்குளிரில் இறக்கி மோவாயின் கீழ் முடிந்துகொள்ளலாம். உரோமத்துக்குத் தானாக வெப்பம் தரும் ஆற்றல் இல்லை. அடர்ந்த மயிர்களுக்கிடையே அசையாது தங்கும் காற்றே உடலின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. இவ்வுண்மை விளங்கின், நனைந்து படிந்த உரோமம் ஏன் பயன்படாது என்பதும் விளங்கும்.

தொப்பியில் படிநிலையும் உண்டு. சாதாரண வீரனுக்குச் செயற்கை உரோமம். அதனை வீரர்கள் எள்ளலாக 'மீன் உரோமம்' என்பர். அலுவலர்க்குப் பதப்படுத்திய செம்மறித்தோல். தளபதிகளுக்குக் கரகுல் ஆட்டுக்குட்டியின் சுருள் உரோமம். கரகுல் என்பது புகாரா நகரை அடுத்த ஓர் ஊரின் பெயர்.

மேல் எல்லையும் கீழ் எல்லையும்

நம் இலக்கிய வரலாற்றில் ஒரு நூலின் காலத்தைக் கணிப்போர், மேல் எல்லை, கீழ் எல்லை என இரண்டு வகுப்பர். நூலில் குறிக்கப்பெறும் மன்னனுக்கு முன் அந்நூல் தோன்றியிருத்தல் இயலாது. அது மேல் எல்லை. அந்நூலை மேற்கோள் காட்டும் உரையாசிரியருக்குப் பின் தோன்றியிருத்தலும் இயலாது. அது கீழ் எல்லை. தொப்பியின் காலத்தையும் இம்முறையாலேயே கணித்தல் வேண்டும். ஒரு தொப்பியில் உள்ள கூறுகளுள் மிகப் பிந்தியது எதுவோ, அதுவே அத்தொப்பியின் மேல் எல்லை. பழைய கூறுகள் பத்து இருப்பினும், பிற்காலத்துக் கூறு ஒன்று தையலோடு தையலாக அமைந்திருக்குமாயின் அப்பத்தும் பயன்படா. இனி, நோக்கவேண்டிய கூறுகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, முத்திரை. லைனிங் எனத் தையற்காரர் கூறும் உள்துணியில் மையால் குத்திய முத்திரை இருக்கும். சோவியத் தொப்பிகளில் தலையின் சுற்றளவு சென்டிமீட்டரில் 56, 58 என்றவாறு குறிக்கப்படும். ஆண்டும் தொழிற்சாலையும் குறிக்கப்பட்டிருத்தல் உண்டு. இங்கு ஒரு மயக்கம் நேரும். 'கோஸ்த்' என்னும் சோவியத் தரக்குறியீட்டில் சிறு கோட்டுக்குப் பின் வரும் இரண்டு இலக்கங்கள், அந்தத் தரவிதி வகுக்கப்பட்ட ஆண்டைக் காட்டுவன. தொப்பி தைக்கப்பட்ட ஆண்டை அல்ல. விதி வகுத்துப் பத்தாண்டு கழித்துத் தைத்த தொப்பியிலும் அதே இலக்கங்கள் இருக்கும். அவை மேல் எல்லையை மட்டுமே தருகின்றன.

அமெரிக்கப் படைத் தொப்பிகளில் தைக்கப்பட்ட அடையாளத் துணியில் ஒப்பந்த எண் இருக்கும். அது டி.எஸ்.ஏ. என்னும் எழுத்துகளுடன் தொடங்கினால், 1961இல் நிறுவப்பட்டு 1977இல் பெயர் மாறிய பாதுகாப்பு வழங்கல் முகமையின் காலத்தது என அறியலாம். அவ்வெண்ணின் இடையே வரும் ஈரிலக்கம் ஒப்பந்தம் செய்த நிதியாண்டைக் காட்டும். கொரியப் போர்க்காலத்துத் தொப்பி என ஒருவர் காட்டும் பொருளில் இவ்வெழுத்துகள் இருந்தால், 1953இல் முடிந்த போருக்கு அது சென்றிருக்க வழியில்லை. பின்லாந்துப் படைப் பொருள்களில் எஸ்.ஏ. என்னும் ஈரெழுத்து உடைமைக் குறியும், பிரிட்டானியப் பொருள்களில் அகன்ற அம்புக்குறியும் காணப்படும்.

இரண்டாவது, எழுத்தமைதி. தமிழ்த்துறையினர்க்கு இது மிகவும் உவப்பளிப்பது. உருசிய மொழியில் 1918இல் எழுத்துச் சீர்திருத்தம் நிகழ்ந்தது. அதற்கு முன் மெய்யொலியில் முடியும் சொற்களின் இறுதியில் ஒலியற்ற கடினக்குறி ஒன்று எழுதப்பட்டது. சீர்திருத்தத்தால் அவ்விடத்தில் அது நீங்கியது. பேரரசுக் காலத்துத் தொப்பி என விற்கப்படும் ஒன்றின் முத்திரை புதிய எழுத்துமுறையில் அமைந்திருப்பின் பொய் வெளிப்பட்டுவிடும். நம்மிடமும் இதற்கு ஒப்பு உண்டு. பெரியார் 1935இல் தம் இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஆணையாக்கியது. தும்பிக்கை போல் வளைந்த பழைய 'லை', 'னை' வடிவங்களைக் கண்டே ஒரு பள்ளிப் பாடநூலின் காலத்தை நம் முதியோர் உய்த்துணர்வர். கண்ணுக்குப் பழகிய இவ்வறிவே உருசியத் தொப்பிக்கும் வேண்டுவது.

மூன்றாவது, சின்னம். அரசுகள் மாறும்போது சின்னங்கள் மாறும். போலந்து நாட்டுக் கழுகு, பொதுவுடைமை ஆட்சியில் முடியிழந்து 1990இல் மீண்டும் முடி சூடியது. சுத்தியலும் கவராயமும் தானியக் கதிரும் கொண்ட சின்னம் கிழக்கு ஜெர்மனியினுடையது; அந்நாட்டுப் படை 1956இல் தோன்றி 1990இல் மறைந்தது. சோவியத் வீரரின் உஷாங்காவில், போர்க்காலத்தில் எளிய நட்சத்திரமும், களத்தில் ஒளி தெறிக்காவண்ணம் பச்சை வண்ணம் பூசியதும் உண்டு. பொன்னிற இலைமாலை சூழ்ந்த நட்சத்திரம் 1969இல் செய்த சீருடைச் சீர்திருத்தத்தை ஒட்டிப் பரவியது. எனினும் சின்னம் கழற்றி மாட்டத்தக்கது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் கிடங்குகளிலிருந்து வெளிவந்த தொப்பிகளில், வாங்குவோர் மனம் கவரும் சின்னங்களை வணிகர்கள் குத்தி விற்றனர். ஆகவே சின்னத்தை மட்டும் நம்பாது அதன் அடியை நோக்குக. நெடுங்காலம் இருந்த சின்னத்தின் கீழே உரோமம் நசுங்கியிருக்கும். துளையின் ஓரம் துருக்கறை படிந்திருக்கும். புதுத்துளை பளிச்சென்று தனித்துத் தெரியும்.

நான்காவது, இழை. உள்மடிப்பிலிருந்து எடுத்த ஒற்றை நூலைத் தீயில் காட்டினால், பருத்தி தாள் எரியும் மணமும், கம்பளி மயிர் கருகும் மணமும் தரும். செயற்கை இழை உருகி மணிபோல் திரளும். நைலான் 1938இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது; அக்ரிலிக், பாலியெஸ்டர் இழைகள் 1950களில் பரவின. உருகும் இழையால் தைக்கப்பட்ட முதல் உலகப் போர்த் தொப்பி இருத்தல் இயலாது. கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்கப் பயன்படும் புறஊதா விளக்கும் உதவும். பிற்காலத் துணிகளில் சேர்க்கப்படும் வெளுப்புப் பொருள் அவ்விளக்கொளியில் நீலமாக மிளிரும். ஆயின் பழைய துணியையும் இக்காலச் சலவைத்தூளில் துவைத்தால் அவ்வாறே மிளிரும். ஆதலின் தையலின் உட்புறத்து நூலையும் சேர்த்தே நோக்கவேண்டும். ஒரு சோதனையால் தீர்ப்பு வழங்குதல் கூடாது.

ஐந்தாவது, தேய்மானம். அணியப்பட்ட தொப்பியின் நெற்றிப்பட்டையில் வியர்வைக் கறை இருக்கும். மடல்களின் மடிப்பில் உரோமம் தேய்ந்திருக்கும். கட்டும் நாடாவின் நுனி நைந்திருக்கும். செயற்கையாகப் பழமையாக்கிய பொருளில் அழுக்கு எங்கும் ஒரே சீராக இருக்கும். உழைப்பின் கறை இடமறிந்து படியும். ஏமாற்றின் கறை இடமறியாது படியும்.

மாணவியின் தொப்பி தந்த விடை

மேற்கூறிய வழியில் அம்மாணவியின் தொப்பியை நோக்கினோம். நெற்றியில் இலைமாலை சூழ்ந்த நட்சத்திரம்; அதன் கீழே துருக்கறையும் நசுங்கிய உரோமமும் இருந்தமையால் அது தொப்பியோடு நெடுநாள் இருந்ததே. உரோமத்தின் இழை தீயில் உருகியது. உள்துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்தபோது 58 என்னும் அளவும் 1986 என்னும் ஆண்டும் மங்கலாகத் தெரிந்தன. மூன்று சான்றுகளும் ஒரே திசையைக் காட்டின. ஸ்டாலின்கிராடுப் போர் 1943 பிப்ரவரியில் முடிந்தது. அத்தொப்பி அதற்கு நாற்பத்து மூன்று ஆண்டுகள் பிந்தியது.

அவள் முகம் வாடியது. தந்தையார் பொய் சொன்னாரோ என்பதே அவள் வருத்தம். பொய் சொல்லியிருக்கவேண்டியதில்லை, விற்றவன் சொன்னதை நம்பியிருப்பார் என்றோம். அப்போது உள்துணியின் ஓரத்தில் வெளிறிய கோடுகள் கண்ணிற்பட்டன. சோவியத் வீரர்கள் தம் உடைமை மாறிப்போகாமல் இருக்க, வெளுப்புக் கரைசலில் தீக்குச்சியைத் தோய்த்துத் தம் படைச்சீட்டின் எண்ணைத் தொப்பியுள் எழுதிவைப்பர். அத்தகைய எண் அது. ஸ்டாலின்கிராடு வீரன் இல்லாமற்போனான். ஆனால் பதினெட்டோ பத்தொன்பதோ வயதில் கட்டாயப் படைப்பணிக்கு அழைக்கப்பட்ட இளைஞன் ஒருவன், தன் தொப்பியைப் பிறன் எடுத்துவிடாதபடி குனிந்தமர்ந்து எண் எழுதிய கை, அங்கே தெரிந்தது. அவள் தந்தையார் அந்நாட்டில் பயின்ற அதே ஆண்டுகளில் அவனும் வாழ்ந்தவன். அவருக்கு ஏறத்தாழ ஒத்த வயதினன்.

கண்காட்சிக்கு அம்மாணவியே குறிப்பு எழுதினாள். தந்தையார் கூறியது இது, தொப்பி காட்டுவது இது என இரண்டையும் தனித்தனியே எழுதினாள். செவிவழிச் செய்தியை அழிக்கவுமில்லை. அதனைச் சான்றின் இடத்தில் அமர்த்தவுமில்லை. அக்குறிப்பே இத்துறையில் நாம் பின்பற்றத்தக்க முறையாகும்.

காக்கும் முறை

காலம் கணிப்பதைவிடக் காப்பது கடினம். உரோமத்துக்கும் கம்பளிக்கும் முதற்பகை அந்துப்பூச்சியின் புழு. நம் வீடுகளில் அந்துருண்டை இடுவர். அதன் ஆவி உடல்நலத்துக்குத் தீங்கானது, பொருளிலும் படிவது. அருங்காட்சியகங்களில் பொருளைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் மூடிக் கடுங்குளிரில் உறையவைத்துப் பூச்சியைக் கொல்வர். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் பூசணம் பற்றும். ஆகவே காற்றோட்டமுள்ள, வெயில் படாத இடம் வேண்டும். தோல் தொப்பியைத் தண்ணீரில் நனைத்தலும் இஸ்திரிப் பெட்டியின் சூட்டுக்கு உள்ளாக்குதலும் கூடா. அமிலமற்ற தாளைக் கசக்கி உள்ளே திணித்து உருவம் குலையாமல் வைக்கவேண்டும். உடைந்த சின்னத்தைப் புதிதாக்குதலும், மங்கிய முத்திரைமேல் மை தீட்டுதலும் திருத்தமல்ல, சான்றை அழித்தல். ஏட்டுச்சுவடியில் சிதைந்த இடத்தைத் தம் கற்பனையால் நிரப்பாமல் சிதைவு என்றே குறித்த நல்ல பதிப்பாசிரியர்களின் ஒழுக்கம் இங்கும் வேண்டும்.

பொருளைப் பெற்ற நாள், இடம், தந்தவர் கூறியது, விலை ஆகியவற்றை அன்றே எழுதி வைத்தல் இன்றியமையாதது. போர்க்களத்தைத் தோண்டி இறந்தோரின் உடைமையைக் கவர்ந்து விற்போரும் உலகில் உளர். அத்தகைய பொருளை வாங்குதல் கல்லறைத் திருட்டுக்குத் துணைபோதலாகும். சில நாடுகளில் சில சின்னங்களைப் பொதுவிடத்தில் காட்டுதலும் குற்றம். ஜெர்மனியில் நாசிச் சின்னங்களுக்குத் தடை உண்டு. லித்துவேனியா 2008இல் சோவியத் சின்னங்களையும் தடைசெய்தது. ஒருவர்க்கு அரும்பொருளாகத் தோன்றுவது மற்றொருவர்க்கு ஆறாப் புண்ணாக இருத்தல் கூடும்.

நிறைவாக

பழம்பொருளுக்கு நாக்கு இல்லை. அதற்காக நாமே பேசுகிறோம். அதன் வயதைக் கூட்டிச் சொல்வதால் விலை உயரலாம். ஆனால் அது பொய்ச்சாட்சி. அதன் காலத்தை உள்ளவாறு கூறும்போது, பெருவீரர்களின் புகழ் ஒன்றே வரலாறு அன்று, பெயர் தெரியாத ஓர் இளைஞன் எழுதிய எண்ணும் வரலாறே என்பது புலனாகும்.

மாணவச் செல்வங்கள் இதற்காக உருசியத் தொப்பியைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. நம் வீட்டுப் பரண்களிலும் மரப்பெட்டிகளிலும் பாட்டனார் கப்பலில் கொணர்ந்த குடை, கடிகாரம், கடவுச்சீட்டு, கடிதக்கட்டு என எத்தனையோ உள. அவற்றை வெளியே எடுங்கள். அவற்றை அறிந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அருகமர்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு பக்கத்திலும், பொருள் காட்டுவதை மறு பக்கத்திலும் எழுதுங்கள். இரண்டும் ஒத்துவரின் மகிழ்க; ஒவ்வாவிடின் இரண்டையும் காத்து வைக்க. பின்வருவோர் ஆராய்ந்து தெளிவர்.